ஊசியா, கரன்டா?

அந்தப் பெட்டி பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான் இருந்தது. முன்பக்கம் வரிசையாகத் திருகுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குட்டி விளக்கு, கீழே ஜோடி ஜோடியாக வயர்கள். வயர் முனையில் முதலை கிளிப். அப்பாவின் வலது முழங்கை மடிப்போரம் ஒரு ஊசி, புறங்கையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கிளிப்பை ஊசியின் காம்பில் மாட்டித் திருகை மெல்லத் திருப்பியதும், ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதமாகச் சொன்ன பேச்சைக் கேட்காத விரல்களில் இரண்டு தாமாகவே துடித்தன. டக்... டக்... அப்புறம் டகடகடக. மறுபடி டக்... டக்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மின்வாரியத்தில் 32 வருடம் வயர்மேனாக இருந்தவர். அவருக்குக் கண்ணீர் வரவில்லை, கேள்விதான் வந்தது. குழறலாக, "ஏசியா... டிசியா?" என்றார்.

"பேட்டரிதான் சார், ஒண்ணும் பயமில்ல" என்றார் மின் அக்குபங்சர் செய்துகொண்டிருந்த அந்தப் பெண் மருத்துவர். அப்பா கேட்டது பயத்தில் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அம்மா ஆரம்பித்தாள். "ஏட்டி, பிசியோவுல வைக்கிறதும் கரன்டுதான. இங்கயும் கரன்டு. ஊசி ஒண்ணுதான் கூட. அப்ப வேலை செய்றது ஊசியா, கரன்டா?"

மருந்து நிறுவனங்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தள்ளுவது பழக்கம். அம்மாவின் கேள்விக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதில் தேடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது.

முதலில் அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது புரியும்.

காலை 5.30க்குப் பல் விளக்கப் போனவர் பிரஷை இரண்டு தடவை கீழே போட்டிருக்கிறார். மூன்றாவது தடவை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சுவரோரமாகச் சாய்ந்துவிட்டார். அம்மா வாயு என்று நினைத்து ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்திருக்கிறாள். அது கடைவாயில் வழிந்தபோதுதான் வாய் கோணியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். (ஸ்ட்ரோக் என்று சந்தேகம் வந்தால் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது. விழுங்கும் தசையும் இழுத்துக்கொண்டிருந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.) பக்கத்து வீட்டு மாமா கார் எடுத்து, திருநெல்வேலி போய்ச் சேரும்போது 8.15.

அங்கே டாக்டர் கேட்ட கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

எப்போது விழுந்தார் என்பது கணக்கில்லை. ராத்திரி 10 மணிக்கு நல்லபடியாகப் படுத்தார் என்றால் கடிகாரம் 10 மணியிலிருந்து ஓடுகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எம்ஆர்ஐ பார்த்து, தூக்கத்தில் வந்த ஸ்ட்ரோக்குக்கும் சிலருக்கு அந்த ஊசியைப் போடலாம் என்று 2018இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பிவலை விட்டு இழுத்து எடுக்கும் சிகிச்சையும் உண்டு, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. எங்களுக்குக் கிடைத்தது சிடி ஸ்கேன், ஆஸ்பிரின், படுக்கை.

பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006இல் கணக்குப் போட்டார். அப்பாவுக்கு அவ்வளவு பெரிய அடைப்பு இல்லை. இருந்தாலும் அந்த ஓமத்தண்ணி கொதித்து ஆறிய பத்து நிமிடத்தை நான் பல தடவை பெருக்கிப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னதில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

அப்பாவுக்கு விளக்க நான் பிடித்த வழி லோ வோல்டேஜ். எங்கள் பக்கம் கோடைக்காலத்தில் பார்க்கலாம். கரன்ட் இருக்கும், ஆனால் டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து துடிக்கும், ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம். மூளையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. நல்ல நிலையில் 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் போகிறது. அது 10 மில்லிக்குக் கீழே போனால் அந்தப் பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும். அது அடைப்பின் நடு. அதைச் சுற்றி 20 மில்லி அளவில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒரு விளிம்பு இருக்கிறது. அங்கே நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிட்டன, ஆனால் சாகவில்லை. கிரகணத்தின் அரைநிழலுக்கு உள்ள பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள், பெனம்ப்ரா என்று. ஸ்ட்ரோக் சிகிச்சை முழுவதும் இந்த அரைநிழலுக்காக நடக்கும் சண்டைதான்.

மின் அக்குபங்சர் மூளையைக் காக்கிறது என்று சொல்லும் கட்டுரைகளும் இந்த விளிம்பைத்தான் பேசுகின்றன. செத்த இடத்தை எழுப்புவதாக அவையும் சொல்லவில்லை. அந்தக் கூற்று விளம்பர நோட்டீஸ்களில்தான் வரும்.

விளிம்பில் இருக்கும் அணு சாவது ஒரே அடியில் இல்லை. சக்தி தீர்ந்ததும் சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியே இறைக்கும் பம்புகள் நிற்கின்றன. குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கட்டுக்கடங்காமல் வெளியே கொட்டுகிறது. சாதாரண நாளில் அது ஒரு நரம்பணு அடுத்ததைக் கூப்பிடும் குரல். இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பக்கத்து அணுக்களின் கதவுகள் திறந்து கால்சியம் வெள்ளமாக உள்ளே வருகிறது, மைட்டோகாண்ட்ரியா கிழிகிறது, அதிலிருந்து கசிவது காஸ்பேஸ் என்ற நொதிகளை எழுப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அணு தன்னைத்தானே வரிசையாகக் கழற்றிப் போடுகிறது. இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கிறது. இதற்கிடையில் மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா அணுக்கள் விழித்து, அழற்சி வீக்கத்தைக் கிளப்பும் பொருள்களைத் தெளிக்கின்றன. பாதி உயிரோடு இருப்பவையும் அதில் மாட்டிக்கொள்கின்றன.

அடைப்பு திறந்து ரத்தம் திரும்பும்போது இன்னொரு அடி விழுகிறது. "போன கரன்ட் திரும்ப வர்றப்ப ஏத்தி வந்து ஃப்ரிட்ஜைச் சுடும்ல, அந்த மாதிரிப்பா" என்றேன். அப்பா தலையாட்டினார். அவர் எத்தனை ஃப்ரிட்ஜ் பார்த்திருப்பார்.

இனி எலிகள். இந்தத் துறையில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலியின் மூளையிலிருந்து வந்தது. சீனாவில் ஷியான் நகரத்தில் மயக்கவியல் பேராசிரியர் லீஸெ ஷியோங்கின் குழு இருபது வருடங்களுக்கு முன்பே ஒரு வேலையைத் தொடங்கியது. எலியின் உச்சந்தலையில் ஒரு புள்ளி, சீனத்தில் பாய்ஹுய். அங்கே ஊசி, அதில் 1 மில்லியாம்ப் கரன்ட், 30 நிமிடம். பிறகு கழுத்து வழியாக ஒரு நைலான் இழையை ரத்தக்குழாயில் விட்டு, மூளையின் நடுத்தமனியை அடைத்து, பிறகு இழையை உருவுகிறார்கள். செயற்கையாக ஒரு ஸ்ட்ரோக். மறுநாள் மூளையை எடுத்துத் துண்டு போட்டு ஒரு சாயத்தில் முக்குவார்கள்.

அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். கொய்யாப்பழத் துண்டுகளை வரிசையாக அடுக்கியது போல ஆறேழு வில்லைகள். உயிருள்ள திசு சாயத்தை மாற்றிச் சிவப்பாகிறது. செத்தது வெள்ளையாகவே நிற்கிறது. ஊசி போடாத எலியின் வில்லைகளில் ஒரு பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. முன்கூட்டியே மின் ஊசி பெற்ற எலியில் அந்த வெள்ளை சுருங்கி ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. இதைப் பார்த்து நான் ஆடிப்போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

ஏன் சுருங்கியது என்று அவர்கள் விடாமல் தோண்டினார்கள். உடம்பு தானே தயாரிக்கும் கஞ்சா போன்ற பொருள்கள் உண்டு. அவை போய் உட்காரும் சிபி1 என்ற ஏற்பியை மருந்து கொடுத்து அடைத்ததும் ஊசியின் பலன் போய்விட்டது. இது 2009. பிறகு 2012இல் இன்னொரு வழி. ஆல்ஃபா-7 என்ற நிக்கோட்டின் ஏற்பியும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதன் வழியாக எச்எம்ஜிபி1 என்ற புரதம் வெளியே கசிவது குறைகிறது என்று காட்டினார்கள். இந்தப் புரதம் அணுக்கருவுக்குள் அடக்கமாக இருக்க வேண்டியது. அணு உடைந்து அது வெளியே வந்தால் காவல்காரர்களுக்கு அபாயச் சங்கு. சங்கை ஊதவிடாமல் தடுத்தால் வீக்கம் குறையும்.

ஃபுஜோ நகரத்தில் சீன மருத்துவப் பல்கலைக்கழகக் குழு ஒன்று வேறு இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டது. முழங்கை மடிப்பில் சூச்சி, முழங்காலுக்குக் கீழே சூசான்லி. அப்பாவுக்குக் குத்திய மூன்று இடங்களில் இரண்டு இவைதான். இவர்கள் எலிக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகு ஊசி வைத்தார்கள். அணுவைப் பிழைக்கச் சொல்லும் பிஐ3கே/ஏகேடி என்ற சங்கிலி ஓங்குகிறது, வீக்கத்தைக் கிளப்பும் என்எஃப்-கேபி தணிகிறது, தற்கொலைப் பக்கம் நிற்கும் பேக்ஸ் குறைந்து காப்பாற்றும் பிசிஎல்-2 ஏறுகிறது என்று எழுதினார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆட்டோபேஜிக்கு வரும் வரை.

அணு தன் பழைய உறுப்புகளைத் தானே தின்று செரித்துக்கொள்வதுதான் ஆட்டோபேஜி. யோஷினோரி ஓசுமி இதன் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காக 2016இல் நோபல் வாங்கினார். பஞ்சம் வந்தால் குதிரில் இருப்பதை எடுத்துப் பொங்குவது போல, சக்தி குறைந்த அணு இதைச் செய்துதான் ஓட்டுகிறது. ஆனால் பஞ்சம் நீண்டு விதைநெல்லிலும் கைவைத்தால் அடுத்த விதைப்புக்கு ஒன்றுமில்லை. ஸ்ட்ரோக்கிலும் இப்படித்தான். கொஞ்சம் நடந்தால் நல்லது, மிஞ்சினால் அணு சாகும்.

மின் அக்குபங்சர் ஆட்டோபேஜியைக் குறைத்துக் காப்பாற்றுகிறது என்று ஒரு கட்டுரை. அடுத்த கட்டுரை, கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவைத் தின்னும் ஆட்டோபேஜியைக் கூட்டிக் காப்பாற்றுகிறது என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். நேரம் வேறு, அளவு வேறு, தின்னப்படுவது வேறு. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் கடைசி வரி "ஆகவே மின் அக்குபங்சர் காக்கிறது" என்றே முடியும்போது எனக்குச் சந்தேகம் தட்டுகிறது. வேலையில் இப்படி ஒரு ஆவணம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். எந்தப் பாதையை அளந்தாலும் அதில் மாற்றம் தெரிகிறது என்றால், ஒருவேளை அளப்பது ஒரே விஷயத்தின் நிழலைத்தான். அணு பிழைத்திருந்தால் அதன் புரதங்கள் எல்லாமே பிழைத்த அணுவின் புரதங்களாகத்தானே இருக்கும்?

அதோடு, இந்த எலிகள் பெரும்பாலும் இளவட்டம், ஆண், ஆரோக்கியம். அப்பாவுக்கு 67 வயது, 15 வருட பிரஷர், ஓயாத பீடி. எலிக்கு ஊசி வைக்க மயக்கம் கொடுக்கிறார்கள். ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவுக்கே மூளையை ஓரளவு காக்கும் குணம் இருப்பது தனியாக நிரூபணமான விஷயம். எதிர்த்தரப்பு எலிக்கும் அதே மயக்கம், அதே நேரம் கொடுத்தார்களா என்று ஒவ்வொரு கட்டுரையிலும் செய்முறைப் பத்தியைத் தேட வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஷியான் எலிகளுக்கு ஊசி வைத்தது ஸ்ட்ரோக் வருவதற்கு முன்னால். நாளைக் காலை பிரஷ் கீழே விழப்போகிறது என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்? ஷியோங் மயக்கவியல்காரர் என்பது நினைவுக்கு வந்ததும் எனக்கு இது பிடிபட்டது. அவர் கண்ணில் இருப்பது ஆபரேஷன் தியேட்டர். அங்கே ஆபத்து எப்போது வரும் என்று தேதி, நேரம் தெரியும். அவர்கள் குழு இதய வால்வு மாற்றும் நோயாளிகளுக்கு முன்கூட்டியே மின் ஊசி வைத்து, இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் குறைந்ததைப் பார்த்தது. அது நியாயமான கேள்வி, நியாயமான இடம். ஆறு மாதம் கழித்து வரும் எங்களுக்கு அதில் பங்கில்லை.

எலிகளை வைத்து அம்மாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாக நான் பார்த்த ஒரே ஆய்வகம் ஹார்வர்டில் இருந்தது. அதுவும் ஸ்ட்ரோக்கில் இல்லை. கியூஃபு மா என்ற நரம்பறிவியலாளரின் குழு எலிகளுக்கு உடம்பு முழுக்க வீக்கம் உண்டாக்கி, பின்னங்காலில் அந்த சூசான்லி புள்ளியில் அரை மில்லியாம்ப் மட்டும் கொடுத்தது. மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி வேலை செய்து, வீக்கம் தணிந்தது. அதே கரன்டை வயிற்றில் ஒரு புள்ளியில் கொடுத்தபோது இந்தப் பாதை எழவில்லை. ஏனென்றால் பின்னங்காலின் ஆழத்தில் இருக்கும் ஒருவகை உணர்வு நரம்பு வயிற்றில் இல்லை. மரபணு வித்தையால் அந்த நரம்புகளை மட்டும் அழித்ததும் சூசான்லியும் பலனிழந்தது. 2021இல் நேச்சர் இதழில் வந்தது.

அதற்கு முந்தைய வருடம் அதே குழு இன்னொன்று சொன்னது. வயிற்றுப் புள்ளியில் 3 மில்லியாம்ப் அளவுக்கு ஏற்றினால் வேறொரு பாதை, உடம்பை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகள் வழியாக, எழுகிறது. நோய் வருவதற்கு முன் அதைக் கொடுத்தால் வீக்கம் குறைகிறது. நோய் ஏறிய பின் கொடுத்தால் வீக்கம் கூடுகிறது.

ஆக, ஊசி என்பது ஆழத்தில் இருக்கும் நரம்பை எட்டும் கம்பி. எந்த இடம், எத்தனை மில்லியாம்ப், எப்போது என்பதுதான் கணக்கு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "லோடு... பாத்துத்தான... ஃபியூஸ்" என்றார்.

அந்த டக்... டக்... டகடகவுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஹான் ஜிஷெங் வலி ஆராய்ச்சியில் காட்டியது, நொடிக்கு 2 துடிப்பு என்றால் வலியைத் தணிக்க உடம்பே தயாரிக்கும் எண்டார்ஃபின், என்கெஃபலின் வகைகள் சுரக்கின்றன, 100 துடிப்பு என்றால் டைனார்ஃபின் என்ற வேறொன்று. அதனால் மெதுவையும் வேகத்தையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பழக்கம் வந்தது. ஷியான் எலிகளுக்கு 2, 15 என்று மாற்றினார்கள். நம் வீட்டு ஏசி கரன்ட் நொடிக்கு 50 சுற்று. அப்பாவின் முதல் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: இரண்டும் இல்லை, விட்டு விட்டு வரும் துடிப்பு.

எலியை விட்டு மனிதனுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் நடந்தது. 1993இல் பார்ப்ரோ யோஹான்சன் இருந்த குழு 78 ஸ்ட்ரோக் நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான பிசியோவோடு ஊசியும் மின் ஊசியும் பத்து வாரம் கொடுத்தது. ஊசி பெற்றவர்கள் நடப்பதிலும் தன் வேலையைத் தானே செய்துகொள்வதிலும் முந்தினார்கள். வேறொருவராக இருந்தால் அதோடு மாலை போட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள். யோஹான்சனுக்கு உறுத்தல். ஊசி பெறாதவர்களுக்குக் கூடுதல் கவனிப்பு எதுவும் கிடைக்கவில்லை, வாரம் இரண்டு முறை ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிப்பதே மருந்தாக இருந்திருக்கலாமே?

அதனால் மறுபடி செய்தார்கள். இந்த முறை 150 பேர், மூன்று குழு. ஒன்றுக்கு மின் ஊசியோடு அக்குபங்சர். இன்னொன்றுக்கு ஊசியில்லாமல் தோலின் மேல் தசை துடிக்கும் அளவு கரன்ட். மூன்றாவதுக்கு உணரவே முடியாத அளவு கரன்ட், சும்மா பேருக்கு. அம்மா ஆட்டோவுக்கு நிற்கும்போது கேட்ட அதே கேள்வி! 2001இல் முடிவு வந்தது. மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் மூன்று குழுவுக்கும் வித்தியாசமில்லை.

தன் நல்ல முடிவைத் தானே சோதித்துக் கவிழ்த்துக்கொண்ட இந்த அம்மாளுக்கு யாராவது சிலை வைக்கலாம்.

இதற்கு எதிர்முனையில் ஒரு தகவல். 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸும் மூன்று கூட்டாளிகளும் உலகத்து அக்குபங்சர் ஆய்வுகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்தவை அனைத்தும் 'பலன் உண்டு' என்றே சொல்லியிருந்தன. நான் மேலே சொன்ன எலிகள் பலவும் அதே நாட்டிலிருந்துதான் வருகின்றன. 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, ஸ்ட்ரோக் வந்த புதிதில் அக்குபங்சர் கொடுத்த 33 ஆய்வுகளை, 3,946 நோயாளிகளை, சேர்த்து அலசியது. வழக்கமான சிகிச்சையோடு மட்டும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கொஞ்சம் நல்லது தெரிந்தது, ஆனால் ஆய்வுகளின் தரம் மோசம். போலி ஊசியோடு ஒப்பிட்டவற்றில் தெளிவான பலன் இல்லை.

ஊசியை மட்டும் குறை சொல்வது நியாயமும் இல்லை. ஸ்ட்ரோக்கில் மூளையைக் காக்கும் என்று ஆய்வகங்கள் சோதித்த 1,026 வழிகளை 2006இல் ஒரு குழு பட்டியலிட்டது. மனிதர்களிடம் வந்தவை 114. பெரிய மருந்து நிறுவனங்கள் பணத்தைக் கொட்டிய என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து முதல் பெரிய ஆய்வில் ஜெயித்து, அடுத்ததில் அப்படியே படுத்துவிட்டது. எலியின் கொய்யா வில்லை யாருக்கும் உத்தரவாதம் தந்ததில்லை, கோட்டு போட்டவர்களுக்கும் சரி.

நாங்கள் முதலில் போன இடம் இந்தப் பெண் மருத்துவர் இல்லை. அப்பாவுக்கு இரண்டாம் மாதம் நடந்தபோது, சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று வேறோர் அக்குபங்சர் நிலையத்துக்குப் போனோம். அங்கே ஊசியே கிடையாது, ஒரு விரலால் தொட்டார். தொட்டுவிட்டு, "உடம்புல மருந்துக் கழிவு தேங்கியிருக்கு. இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்திடுங்க" என்றார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை, பிரஷர் மாத்திரையை. அம்மா மூன்று நாள் நிறுத்திவிட்டாள். நான் ஊரில் இல்லை. நாலாம் நாள் பிரஷர் பார்த்த பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காதான் சத்தம் போட்டு மறுபடி ஆரம்பிக்க வைத்தார். இரண்டாவது ஸ்ட்ரோக் வரவில்லை, எங்கள் அதிர்ஷ்டம். அந்த ஆளின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் வீட்டுப் படியை மறுபடி மிதிக்காதீர்கள்.

இரண்டாவது மருத்துவர் அப்படி இல்லை. மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டார், இருந்தால் கரன்ட் கொடுக்க மாட்டாராம். "போன அணு திரும்பாதும்மா. தோள்பட்டை வலி குறையலாம், கை இறுக்கம் கொஞ்சம் தளரலாம். பிசியோவை விட்டுடாதீங்க" என்றார். பத்து நாள் போனோம். தோள் வலி குறைந்தது என்கிறார் அப்பா. ஊசியால்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பத்து நாளும் அவர் காலையில் சட்டை போட்டு, சீப்பு எடுத்து, ஆட்டோ ஏறி, நாலு பேரைப் பார்த்தார் என்பதும் சேர்த்தி.

யோஹான்சனின் எலிகள் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் ஆய்வகத்தில் ஸ்ட்ரோக் உண்டாக்கிய எலிகளில் சிலதைத் தனிக்கூண்டில் விட்டார்கள், சிலதைப் பெரிய கூண்டில், ஏணி, குழாய், பலகை, கூட நாலைந்து எலிகள் என்று விட்டார்கள். பெரிய கூண்டு எலிகள் கம்பியில் நடப்பதில் தெளிவாக முந்தின. மூளையை அறுத்துப் பார்த்தால், செத்த பகுதி இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு. வெள்ளை சுருங்கவே இல்லை. மிச்சமிருந்த சிவப்பு வேறு வேலை கற்றுக்கொண்டது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மாடியில் மோட்டார் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன் என்று அம்மா போனைத் தேடப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அப்பா நாற்காலியை ஸ்விட்ச் பெட்டிக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் ஸ்க்ரூ டிரைவர். கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திணித்து வைத்திருக்கிறார். ஒன்று விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை உருவும்போது அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்:

"மெயினை ஆஃப் பண்ணீங்களா, இல்லையா?"